செல்வர் கார்னெகியின் மரணசாசனம்

ஸ்காட்லாந்து தேசத்து டன்பர்ம்லின் நகரில், 1835-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி, கைத்தறி நெசவாளர் ஒருவரின் குமாரராக ஆண்ட்ரூ கார்னெகி பிறந்தார். இயந்திரத் தறிகள் பெருகவே தந்தையாரின் தொழில் நசித்தது. 1848-ல் குடும்பத்தார் கடன் வாங்கிக் கப்பலேறி, அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா மாகாணத்தை அடைந்தனர். அங்கே பஞ்சாலையில் வாரத்துக்கு 1 டாலர் 20 சென்டு கூலி பெற்ற அச்சிறுவர், பின்னர் எஃகுத் தொழிலில் ஈடிணையற்ற செல்வரானார். அவ்வரலாறு பலரும் அறிந்ததே. அச்செல்வத்தை அவர் விட்டுச் சென்ற விதமே ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

1886-ல் அவருடைய தம்பியும் தாயாரும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அவரும் விஷஜுரத்தால் படுக்கையிலிருந்தார். அவர் அப்பொழுது மாண்டிருந்தால், அவரது பெரும் பங்குக்குரிய தொகையை வாரிசுகளுக்கு ஒருங்கே கொடுக்க இயலாமல் கம்பெனியே குலைந்திருக்கும். ஆகவே மறு வருஷம், இறந்த கூட்டாளியின் பங்கைக் கணக்குப் புத்தக விலைக்குக் கம்பெனியே வாங்கித் தவணைகளில் பணஞ்செலுத்துமாறு உடன்படிக்கை எழுதப்பட்டது. அவ்வருஷமே அவரை மணந்த லூயிஸ் அம்மையாரும், வருஷாந்தர வருமானம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, ஏனைய சொத்தின்மேல் தமக்குள்ள உரிமையை விவாகத்துக்கு முன்னரே கைவிட்டுக் கையெழுத்திட்டார்.

1889-ல் செல்வத்தைக் குறித்து அவர் வரைந்த கட்டுரை பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. பெருந்தனம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றும், வரிகளுள் இறந்தோர் சொத்தின்மேல் விதிக்கும் வரியே மிக்க விவேகமுடையது என்றும் வாதித்தார். தூர பந்துக்களுக்குச் சேரும் சொத்தின்மேல் 1826 முதலே வரி வாங்கிய பென்சில்வேனியாவை அதில் மெச்சினார். இங்ஙனம் எழுதியவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892-ல் கூலிக் குறைப்பால் கலகம் மூண்டு தொழிலாளர் மாண்டதையும் மறைத்தல் தகாது.

1901-ல் கம்பெனி 48 கோடி டாலருக்கு விலையாயிற்று. 2,500-க்கு மேற்பட்ட நூல்நிலையங்கள் அவர் பொருளால் எழுந்தன. 1916-ல் மத்திய அரசாங்கம் மரண வரி விதித்தபோது, பெரும்பகுதியை முன்னரே கொடுத்துவிட்டார். 1919-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து லெனாக்ஸில் அவர் இறந்த காலத்து, கொடை 35 கோடி டாலரைக் கடந்திருந்தது. எஞ்சியது சுமார் 3 கோடியே. அதிலும் பெரும்பாகம் தர்மங்களுக்கே போயிற்று. இங்கிலாந்தில் மரண வரியை உயர்த்திய லாயிட் ஜார்ஜுக்கும் அவர் மரணசாசனத்தில் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியிருந்தது ஒரு வேடிக்கை!

ஆனால் மாகாணங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் என்பதை அவர் கருதினாரில்லை. 1924-ல் பிளாரிடா, செல்வரை அழைக்கும்பொருட்டு, இவ்வரியைத் தன் அரசியல் சட்டத்திலேயே விலக்கிற்று. அவ்வருஷமே மத்திய அரசாங்கம், மாகாணத்துக்குச் செலுத்தியதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள இடங்கொடுத்தது. 1926-ல் அக்கழிவு நூற்றுக்கு 80 வரை உயர்ந்தது. குடிபெயர்வதால் லாபம் அற்றுப்போயிற்று. 2001-ம் வருஷத்துச் சட்டம் அக்கழிவைப் படிப்படியாய்க் குறைத்து 2005-ல் ஒழிக்கவே, பல மாகாணங்களில் வரி தானே மறைந்தது. சில மாகாணங்கள் புதிதாய் விதித்தன. சில விதித்துப் பின் நீக்கின. இன்று உயில் எழுதுவோர், தாம் இறக்குங்காலத்து எச்சட்டம் நிற்குமென்று அறியார். பென்சில்வேனியாவோ, பிள்ளைகள் பெறும் சொத்தில் நூற்றுக்கு நாலரையும், உடன்பிறந்தார் பெறுவதில் பன்னிரண்டும் இன்னும் வாங்கிவருகிறது.