விழுதுகளை வளர்த்த ஆலமரம்: கர்மவீர் பாவுராவ் பாட்டீல்

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நால்வகைத் தானங்களை நம் ஆன்றோர் வகுத்தனர். இவற்றுள் உணவு ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். மருந்து ஒரு நோயைத் தீர்க்கும். கல்வித் தானமோ பெற்றவனையே கொடுப்பவனாக மாற்றும் இயல்புடையது. இவ்வுண்மையைத் தம் வாழ்வையே சான்றாக்கி நிறுவிய பெருமகனார் ஒருவர் மராட்டிய மண்ணில் ஒரு சமணக் குடும்பத்தில் தோன்றினார். அவரே கர்மவீர் பாவுராவ் பாட்டீல் ஆவார்.

கோலாப்பூர்ப் பகுதியில், பாகுபலி மலையை அடுத்த கும்போஜ் என்னும் ஊரில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பாய்கோண்டா பாட்டீல், தாயார் கங்காபாய். குடும்பத்தின் சொந்த ஊர் ஐதவடே புத்ருக். தந்தையார் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தமையால் ஊர் ஊராக மாறிச் செல்ல நேர்ந்தது. உடல் வலிமையும் மல்யுத்தத்தில் நாட்டமும் மிக்க சிறுவனுக்கு ஏட்டுப் படிப்பில் அத்துணை ஈடுபாடு ஏற்படவில்லை. ஆயினும் அநீதியைக் கண்டால் பொறாத நெஞ்சம் இளமையிலேயே அமைந்திருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு கிணற்றின் இராட்டினத்தை அவர் உடைத்தெறிந்தார் என்று சொல்வர்.

உயர்நிலைக் கல்விக்காகக் கோலாப்பூரின் இராஜாராம் பள்ளியில் சேர்ந்த அவர், அந்நகரின் சமண மாணவர் விடுதியில் தங்கினார். அக்காலத்தில் கோலாப்பூரை ஆண்ட சாகு மகாராஜா, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்னும் வேட்கையோடு சமூகந்தோறும் விடுதிகளைத் தோற்றுவித்து வந்தார். 1908-இல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென மிஸ் கிளார்க் விடுதி திறக்கப்பட்டது. அவ்விழாவிற்கு இளைஞர் பாவுராவும் சென்று வந்தார். திரும்பியதும், தீட்டு நீங்கக் குளித்த பின்னரே உள்ளே வரலாம் என விடுதியில் கூறப்பட்டது. மனிதரைக் காணச் சென்றதில் தீட்டு ஏது என்று கருதிய பாவுராவ் குளிக்க மறுத்தார். அதன் விளைவாக விடுதியை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது விடுதியின் பொறுப்பில் இருந்தவர், பின்னாளில் பம்பாய் மாகாண நிதியமைச்சராக விளங்கிய அண்ணாசாகிப் லட்டே அவர்கள். இப்பெயரை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும், மீண்டும் வருகிறது.

நம்மவர் விடுதியிலேயே இது நிகழ்ந்தது என்பதை மறைத்து எழுதுவது முறையன்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று போதித்த அறவோர் வழிவந்த நாமும் ஊர் வழக்கின் பிடியில் சிக்கியிருந்தோம் என்பதே உண்மை. பாவுராவ் தம் சமயத்தை வெறுத்தாரில்லை. அச்சமயம் சொன்னதைச் செய்து காட்டப் புறப்பட்டார்.

வெளியேற்றப்பட்டவருக்குச் சாகு மகாராஜாவின் ஆதரவு கிட்டியது. சில காலம் அரண்மனையிலேயே தங்கினார். ஓர் ஆட்சியாளர் ஏழை மாணவர்களிடம் காட்டிய பரிவை அருகிலிருந்து கண்டதே அவர் பெற்ற உண்மையான கல்வி எனலாம். மெட்ரிகுலேஷன் தேர்வை அவர் எட்டவே இல்லை. மகாத்மா பூலேயின் சத்திய சோதக இயக்கக் கருத்துகளும் அவர் உள்ளத்தில் வேரூன்றின. நண்பர்களோடு துத்காவ் என்னும் சிற்றூரில் மாணவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். சாத்தாராவில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்து, பாட்டீல் மாஸ்டர் என அழைக்கப்பெற்றார்.

இஸ்லாம்பூரில் ஒரு நாள், வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்கும்படி விடப்பட்டிருந்த தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவனைக் கண்டார். அவனைத் தம் வீட்டிற்கே அழைத்து வந்து உணவளித்து, பின்னர்க் கோலாப்பூரின் மிஸ் கிளார்க் விடுதியில் சேர்த்தார். ஞான்தேவ் கோலப் என்னும் அச்சிறுவன் வளர்ந்து, அம்பேத்கர் தொடங்கிய மூக்நாயக் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றதோடு, பம்பாய்ச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக அமர்ந்தான். வாயிலில் இருத்தப்பட்டவன் அவையில் அமர்ந்த அருஞ்செயல் இது.

1914-இல் கோலாப்பூரில் இருந்த அரச குடும்பச் சிலைகள் மீது யாரோ தார் பூசினர். அப்பழியை அண்ணாசாகிப் லட்டே மீது சுமத்தச் சிலர் முனைந்தனர். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுமாறு பாவுராவை வற்புறுத்தினர். தம்மை விடுதியிலிருந்து வெளியேற்றியவருக்கு எதிராக ஒரு சொல் சொல்லியிருந்தால் துன்பமின்றித் தப்பியிருக்கலாம். பாவுராவ் பொய்ச்சாட்சி கூற மறுத்தார். சிறைக் கொடுமை தாளாது உயிரை மாய்த்துக் கொள்ளவும் முற்பட்டார், நல்வினையால் பிழைத்தார். வஞ்சம் தீர்க்க வாய்ப்பு வந்த வேளையிலும் வாய்மையைக் கைவிடாத இந்நிகழ்ச்சியில் அவருடைய தலைமைப் பண்பின் வித்தைக் காண்கிறோம். பிறரை ஆளும் முன் தன்னை ஆளக் கற்றவனே தலைவன் அன்றோ!

விடுதலை பெற்ற பின் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை விற்பவராக ஊர் ஊராகச் சென்றார். கலப்பையை விற்கச் சென்றவர், படிக்கத் தெரியாத உழவர்கள் கடன் பத்திரத்தில் கைநாட்டு இட்டு நிலத்தை இழப்பதைக் கண்டார். பள்ளிக்கூடம் இல்லாத நூற்றுக்கணக்கான சிற்றூர்களையும் கண்டார். 1919-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், கராட் நகரை அடுத்த காலே என்னும் ஊரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். ஆலமரமே அதன் சின்னமாயிற்று.

1924-இல் நிறுவனம் சாத்தாராவிற்கு மாறியது. அங்கே தொடங்கிய விடுதியில் மராட்டியர், தாழ்த்தப்பட்டோர், முஸ்லிம்கள், சமணர் எனப் பல குலத்துப் பிள்ளைகளும் ஒன்றாகச் சமைத்து ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். 1927-இல் காந்தியடிகள் அங்கு வந்து, சாதி பேதமற்ற அவ்வாழ்வைக் கண்டு பெரிதும் மகிழ்ந்து, சாகு மகாராஜாவின் பெயரை அவ்விடுதிக்குச் சூட்டினார். பின்னர் ஹரிசன நிதியிலிருந்து ஆண்டுதோறும் 500 ரூபாய் கிடைக்கவும் வழி செய்தார். காந்தியடிகளும் அம்பேத்கரும் 1932-இல் கண்ட பூனா உடன்பாட்டின் நினைவாகப் புனேயில் யூனியன் விடுதி எழுந்தது.

இவ்விடத்தில் இலட்சுமிபாய் அம்மையாரை நினையாமல் செல்லலாகாது. வசதியான வீட்டில் பிறந்து ஆசாரத்தோடு வளர்ந்த அம்மையார், முதலில் கணவரின் போக்கைக் கண்டு தயங்கினார். பின்னர் அப்பிள்ளைகளுக்கெல்லாம் தாயானார். விடுதியில் தானியம் தீர்ந்தபோதெல்லாம் நகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஒரு நாள் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோது தம் மங்கலசூத்திரத்தையே கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளின் பசி தீர்த்தார். 1930-இல் அம்மையார் மறைந்தார். அந்நிறுவனத்தின் அடித்தளத்தில் முதற்கல் அவருடைய தியாகமே.

பள்ளிகள் பல திறந்தோர் நாட்டில் உண்டு. பாவுராவின் தனிச்சிறப்பு, அப்பள்ளிகளை நடத்தும் மனிதர்களை அவற்றினுள்ளேயே உருவாக்கியதாகும். விடுதிப் பிள்ளைகள் இலவசமாக உண்ணவில்லை. நிலத்தை உழுதனர், கல் உடைத்தனர், கட்டடம் எழுப்பினர், சமையலையும் கணக்கையும் தாமே கவனித்தனர். உழைத்துக் கொண்டே கற்றல் என்னும் இம்முறையால், பிறர் கையை எதிர்பாராத தன்மானமும் பொறுப்பை ஏற்கும் துணிவும் வளர்ந்தன. சிற்றூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒரு விடுதியின் பண்டசாலையை ஓராண்டு நடத்திவிட்டால், பின்னர் ஒரு பள்ளியை நடத்த அவனுக்கு அச்சம் இராது.

நகரத்துப் பட்டதாரிகள் குக்கிராமங்களில் தங்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து, 1935-இல் சாத்தாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற கிராமத்து இளைஞர்களைக் கொண்டே 1938 முதல் தன்னார்வப் பள்ளிகள் சிற்றூர்களில் தோன்றின. அவை 500-க்கும் மேலாகப் பெருகின. பெண் ஆசிரியர்களுக்கென ஜீஜாமாதா பயிற்சிக் கல்லூரியும் ஏற்பட்டது. 1940-இல் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளியும், 1947-இல் சத்ரபதி சிவாஜி கல்லூரியும் தோன்றின. விடுதியில் வளர்ந்தவரே ஆசிரியராயினர், ஆசிரியரே தலைமையாசிரியராயினர், அவர்களுள் சிறந்தோர் குறைந்த ஊதியம் பெற்று ஆயுள் உறுப்பினராகி நிறுவனத்தையே தாங்கினர். அவர் வளர்த்த மாணவருள் ஒருவரான பி. ஜி. பாட்டீல், பாரிஸ்டராகி, அக்கல்லூரிக்கே திரும்பி வந்து, பிற்காலத்தில் சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். ஆலின் விழுது தரையைத் தொட்டுத் தானே தூணாவது போன்றது இம்முறை.

பெருந்தொகை தருவதாகக் கூறிய ஒருவர், சிவாஜியின் பெயருக்குப் பதிலாகத் தாம் விரும்பிய பெயரை வைக்க வேண்டினாராம். தம் தந்தையின் பெயரை மாற்றினாலும் மாற்றுவேனேயன்றிச் சிவாஜியின் பெயரை மாற்றேன் என்று பாவுராவ் மறுத்துவிட்டதாகச் சொல்வர்.

காந்தியடிகள் மறைந்த 1948-ஆம் ஆண்டு, அவர் பெயரால் 101 உயர்நிலைப் பள்ளிகளைத் திறக்க உறுதி பூண்டார். அவ்வேளையில் அரசைக் குறை கூறிப் பேசினார் என்பதற்காகப் பம்பாய் அரசு நிறுவனத்திற்கான மானியத்தை நிறுத்தியது. ஆசிரியர்க்கு ஊதியமில்லை; பள்ளிகள் மூடப்படுமோ என்னும் நிலை. பொதுமக்களும் பழைய மாணவர்களும் திரண்டு நின்றனர். வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி தானியம் எடுத்து வைத்து வழங்கும் வழக்கத்தை அவர் முன்னரே ஏற்படுத்தியிருந்தமையால், கல்வி தங்கள் சொத்து என்னும் எண்ணம் குடியானவர் உள்ளத்தில் ஊறியிருந்தது. நிறுவனம் தளரவில்லை, பின்னர் மானியமும் மீண்டும் கிடைத்தது.

1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதும், புனே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டமும் அளித்தன. மெட்ரிகுலேஷனை எட்டாதவரைப் பல்கலைக்கழகம் வணங்கிய நாள் அது. அவ்வாண்டு மே 9-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் அவர் நட்ட மரத்தின் நிழலில் இயங்கின. 1988-இல் அஞ்சல்தலை வெளியிட்டு நாடு அவரைச் சிறப்பித்தது. கர்மவீர் என்பது மக்கள் அன்போடு இட்ட பெயர், அதுவே நிலைத்தது.

அவர் மறைவிற்குப் பின்னும் ரயத் நிறுவனம் தளராமல் வளர்ந்ததே அவர் பணியின் வெற்றிக்குச் சான்று. தலைவர் போனதும் சரிந்துவிடும் சங்கங்கள் எத்தனையோ காண்கிறோம். தாமே எல்லாம் செய்யும் பெரியவர் இருக்கும் வரை இளையோர் பார்வையாளராகவே நிற்பர். நம் அறநிலையங்களிலும் மாணவர் இல்லங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும், ஒரு கணக்கை, ஒரு விழாவை, ஒரு வகுப்பை இளையோர் கையில் நம்பி ஒப்படைத்து, அவர்கள் தடுமாறும்போது அருகில் நிற்கும் பெரியோரே இன்று தேவை. நிதி குறைந்தால் தேடிக் கொள்ளலாம். பொறுப்பேற்க ஆளில்லாது போனால் என் செய்வது?

ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஏழை மாணவனின் கல்விக்கு ஒரு பிடி ஒதுக்குமாயின், அதுவே இப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி ஆகும். கல்வித் தானம் ஓங்குக! அறம் வளர்க!