பனிமலை வழியில் கூரத்தாழ்வான்



காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் திவ்ய க்ஷேத்திரத்தில், ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஸ்ரீவத்ஸாங்கர் அவதரித்தார். அஃது கி.பி. 1010 என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. அன்னதானத்தில் சிறந்த பெருஞ்செல்வராகிய அவரது திருமாளிகைக் கதவு இரவில் அடைபடும் ஓசை, பேரருளாளன் ஸந்நிதி வரை கேட்டதாம். அதனைப் பெருமையாகக் கொள்ளாமல் அபசாரமாகக் கருதி அஞ்சினார் அம்மஹான். அனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் சேர்ந்து, எம்பெருமானார் திருவடிகளைப் பற்றினார். அன்று முதல் உஞ்சவிருத்தியே அவரது ஜீவனம்.

ஆளவந்தாரின் திருவுள்ளத்தில் நிறைவேறாது நின்ற மனோரதங்களுள் ஒன்று, வ்யாஸரின் ப்ரஹ்ம ஸூத்ரத்துக்குப் பாஷ்யம் காண்பது. அதற்குப் போதாயன மஹரிஷியின் விருத்தி ஆதாரமாக வேண்டியிருந்தது. அந்த க்ரந்தம் காஷ்மீரத்தில் சாரதா பீடத்தில் இருப்பதறிந்து, எம்பெருமானார் ஆழ்வானை உடன்கொண்டு வடதிசை எழுந்தருளினார்.

சாரதா பீடம் கிருஷ்ணகங்கை நதிக்கரையில், ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் அமைந்தது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி, அவ்விடம் காஷ்மீரத் தலைநகரிலிருந்து இரண்டு மூன்று நாள் நடைத் தொலைவு என்று எழுதி வைத்துள்ளார். காஷ்மீரப் பள்ளத்தாக்குக்கும் அந்நதிக்கும் இடையே நிற்கும் மலைத்தொடரில் கணவாய்களே 10,000 அடிக்கு மேற்பட்டவை. குளிர்காலத்தில் அவை பனியால் மூடப்படும். அவ்வுயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பத்தில் ஏழு பங்கே. பழகாதவருக்குப் பத்தடி ஏறுமுன் மூச்சு வாங்கும், தலை நோகும், இரவில் உறக்கம் கூடாது. காவேரி தீரத்தின் சமவெளியில் நடந்து பழகிய திருவடிகள் இத்தகைய மலைநாட்டை நாடிச் சென்றன என்பதை அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

காஷ்மீர மன்னன் எம்பெருமானாரின் ஞானத்தில் ஈடுபட்டு க்ரந்தத்தை அளித்தான். அங்கிருந்த பண்டிதர்களுக்கோ அது பொறுக்கவில்லை. ஆசார்யரும் சிஷ்யரும் ஏட்டுடன் திரும்பி வருகையில், சில நாட்களில் அவர்கள் பின்தொடர்ந்து வந்து அதனைப் பறித்துச் சென்றனர் என்று குருபரம்பரை கூறும். இத்தனை காதம் நடந்தும் ஆளவந்தாரின் மனோரதம் வீணாயிற்றே என்று எம்பெருமானார் திருவுள்ளம் கலங்கினார்.

அப்போது ஆழ்வான் பணிவுடன் ஒரு விண்ணப்பம் செய்தார். பகலெல்லாம் நடந்து, இரவில் ஆசார்யர் கண்வளர்ந்த பின், திருவடி பிடித்து முடித்து, அந்த விருத்தியை வாசித்துத் தரித்துக்கொண்டதாகத் தெரிவித்தார். இங்கேயே சொல்லட்டுமா, உபய காவேரி நடுவே சென்று சொல்லட்டுமா என்றும் கேட்டார். மலைவழிக் களைப்பில் உடல் உறக்கத்தையே வேண்டும். அந்த உறக்கத்தை ஆசார்ய கைங்கர்யத்துக்காக விட்டவர் ஆழ்வான். பறிகொடுத்தபின் பெற்ற ஞாபகம் அன்று அது. பறிபோகும் என்று அறியாமலே செய்த தொண்டு.

பின்னர் திருவரங்கத்தில் எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தை அருளிச்செய்ய, ஆழ்வான் எழுதினார். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதே ஆசார்யரின் நியமனம். ஜீவனின் ஸ்வரூபத்தைச் சொல்லும் இடத்தில் சேஷத்வம் விடுபடவே, ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. முதலில் சீறிய எம்பெருமானார், பிறகு ஆழ்ந்து சிந்தித்து, சிஷ்யர் கருத்தையே ஏற்றார். விருத்தி முழுவதையும் நெஞ்சில் சுமந்தவர் அதனால் செருக்கும் கொள்ளவில்லை. அச்சத்தால் உண்மையை மறைக்கவும் இல்லை.

காலம் மாறியது. சோழ மன்னனின் கொடுமை வந்தபோது, ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் தரித்துப் பெரிய நம்பிகளுடன் அரசவை சென்றார் ஆழ்வான். மலையிரவுகளில் ஏட்டை வாசித்த அக்கண்களை அங்கே இழந்தார். பிற்காலத்தில் காஞ்சியில் வரதராஜ ஸ்தவம் பாடியபோது, கண்பார்வையை வேண்டுமாறு எம்பெருமானார் பணித்திருந்தார். ஆழ்வானோ, அத்துன்பத்துக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்ட வேண்டுமென்று வரதனைப் பிரார்த்தித்தார்.

போதாயன விருத்தி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. சாரதா பீடமும் இடிபாடாக நிற்கிறது. 1947-க்குப் பின் அங்கு யாத்திரை நின்றுவிட்டது. ஏடும் போயிற்று, பீடமும் சிதைந்தது. ஆயினும் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் எம்பெருமானார் அந்த விருத்தியைக் குறிப்பிட்டருளியிருப்பதைக் காலக்ஷேபத்தில் ஓதுந்தோறும், பனிமலைச் சாரலில் உறங்காதிருந்த ஒரு சிஷ்யரின் கைங்கர்யம் நினைவுக்கு வருகிறது. தை ஹஸ்தத்தன்று ஆழ்வான் திருவடிகளைச் சேவிப்போர், கற்றதைக் கைங்கர்யமாக்கும் அருளையும், தீங்கிழைத்தவர்க்கும் நன்மை வேண்டும் நெஞ்சையும் பெற்று உய்வார்களாக.