நிறங்களைப் பிரித்த அறிஞர் ஸ்வெட்

பச்சை இலையில் இருப்பது பச்சை நிறம் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதனுள் பல நிறமிகள் கலந்துள்ளன. அவற்றைத் தனித்தனியே பிரிக்க எளிய வழி கண்டவர் மிகயில் ஸ்வெட் என்னும் ரஷ்யத் தாவரவியல் அறிஞர். ஸ்வெட் என்றால் ரஷ்ய மொழியில் நிறம் என்று பொருள். பெயருக்கேற்ப வாழ்ந்த இப்பெரியாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஸ்வெட் 1872ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இத்தாலி நாட்டில் ஆஸ்தி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரஷ்யர், தாய் இத்தாலியர். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். தாயன்பை அறியாத அச்சிறுவன் சுவிட்சர்லாந்தில் வளர்ந்தான். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ரஷ்யா சென்றபோது, அந்தப் பட்டம் அங்கே செல்லாது என்றனர். அவர் மனம் தளரவில்லை. மீண்டும் மாணவராகி, 1901இல் கசான் நகரில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் வார்சா நகரில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அங்கேதான் அவருடைய புகழ்பெற்ற ஆய்வு நிகழ்ந்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை இறுக்கமாக நிரப்பினார். இலையின் சாற்றை அதன் மேல் ஊற்றி, கரைப்பானை மெல்ல மெல்லச் செலுத்தினார். தூளோடு இறுக ஒட்டும் நிறமி மேலே தங்கியது. ஒட்டாதது விரைந்து கீழே இறங்கியது. வெண்மையான தூளில் மஞ்சளும் பச்சையுமாக வளையங்கள் தோன்றின. பச்சையத்திலேயே இரு வகை உண்டு என்பது தெளிவாயிற்று. இதனை 1903இல் வார்சாவில் விளக்கினார். 1906இல் குரோமட்டோகிராபி என்று பெயரும் சூட்டினார்.

அவருக்கு உணர்கருவியாக இருந்தது அவருடைய கண் ஒன்றே! கண்ணோ நிறமுள்ள பொருளைத்தான் காணும். மிகச் சிறிதளவையும் காணாது. ஆயினும் நிறமற்ற பொருள்களும் இவ்வாறே பிரியும் என்று ஸ்வெட் அன்றே எழுதினார். அவற்றைக் காணும் கருவிதான் அன்று இல்லை.

அக்கால வேதியியலார் பலர் அவர் முறையை ஏற்கவில்லை. தூளில் பட்டால் நிறமிகள் சிதைந்துவிடும் என்று ஐயுற்றனர். இதற்கிடையே முதல் உலகப் போர் மூண்டது. 1915இல் ஜெர்மானியர் வார்சாவைப் பிடிக்கவே, ஸ்வெட் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார். நோயும் அவரை வாட்டியது. 1919ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் வரோனெஷ் நகரில் தமது 47ஆம் வயதில் காலமானார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1931இல் ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகர அறிஞர்கள் ஸ்வெட்டின் முறையால் கரோட்டின் வகைகளைப் பிரித்தனர். அதன் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. 1952இல் வாயு குரோமட்டோகிராபி பிறந்தது. கண்ணுக்குப் பதிலாகப் புதிய உணர்கருவிகள் தோன்றின.

நல்ல உணர்கருவிக்குச் சில இலக்கணங்கள் உண்டு. மிகச் சிறிய அளவையும் அறிய வேண்டும். பொருள் இரு மடங்கானால் காட்டும் அளவும் இரு மடங்காக வேண்டும். பொருள் வராதபோது வீணாகத் துடிக்கக் கூடாது. ஹைட்ரஜன் சுடரால் இயங்கும் கருவி பெரும்பாலான கார்பன் சேர்மங்களை அறிந்து, சிறிதாயினும் பெரிதாயினும் அளவைச் சரியாகக் காட்டும். ஆனால் தண்ணீரை உணராது. 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் அமைத்த எலக்ட்ரான் கவர் கருவியோ, ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுள்ள டி.டி.டி. போன்ற குளோரின் கலந்த நஞ்சையும் காட்டிவிடும். ஆனால் அளவு கூடினால் அது விரைவில் திணறும். எல்லாக் குணங்களும் ஒரே கருவியில் அமைவதில்லை. ஆகவே தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இன்று உணவிலுள்ள பூச்சிமருந்தையும் குருதியில் கலந்த நஞ்சையும் கண்டுபிடிக்க உதவுவது ஸ்வெட் காட்டிய வழியே. அதன் பயனை அவர் கண்ணாரக் காணவில்லை. கண்ணுக்குத் தெரியாததால் ஒரு பொருள் இல்லை என்றாகிவிடாது. பாராட்டுக் கிடைக்காததால் ஓர் உழைப்பு வீண் என்றாகிவிடாது. தோழியரே, உண்மையான உழைப்பைக் கண்டறியும் கண்களை நாமும் பெறுவோமாக!