இப்னு பதூதா: ஊரைப் பிரிந்தவரின் கதை

காரைக்குடி, இளையான்குடி பக்கத்திலிருந்து நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். இன்று நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். போன புதிதில் குப்பூஸ் தொண்டையில் இறங்காமல் வீட்டுச் சோற்றுக்கு ஏங்காதவர் நம்மில் குறைவு. சுமார் 680 ஆண்டுகளுக்கு முன் இதற்கு நேர்மாறாக, ரொட்டி கிடைக்காமல் நம் மண்ணில் சோறு சாப்பிட்டுத் தவித்த ஒருவர் உண்டு. அவர்தான் உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்).

மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் 1304-ல் பிறந்தவர். 1325-ல், 21 வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜுக்காகத் தனியே புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது உடன் வந்தவர்களை ஊரார் எதிர்கொண்டு ஸலாம் கூறி வரவேற்றனர். அவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. தாங்க முடியாமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார்.

பிறகு டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். அவரோ மாலிகி மத்ஹப்; ஊர் மக்கள் ஹனஃபி; மொழியும் தெரியாது. அதை மறைக்காமல் சுல்தானிடமே சொன்னார். உதவிக்கு இருவர் அமர்த்தப்பட்டனர்.

மாலத்தீவிலும் காழியானார். அம்மக்களின் பேணுதலையும் தூய்மையையும் மெச்சினார். ஆனால் பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற உத்தரவிட்டும் அது நடக்கவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்களுடன் பிணக்கு ஏற்பட, 1344-ல் அங்கிருந்து கிளம்பினார்.

இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் தரைதட்ட, அரபிகள் மஃபர் என்றழைத்த நம் கரையில் இறங்கினார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. அந்த உறவு இருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதைக் கண்டித்தே பதிவு செய்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவிய நேரத்தில் காய்ச்சல் கண்டு, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தார். மாலத்தீவு, இலங்கை, நம் கரை, மலபார் என மூன்றாண்டுகள் சோறு மட்டுமே உணவு. கடைசியில் தண்ணீர் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்ததாம்.

சோற்றுக்கும் மொழிக்கும் பழகிவிடலாம். பழக முடியாத ஒன்றும் அவருக்குக் காத்திருந்தது. 1348-ல் டமாஸ்கஸ் திரும்பியபோதுதான் தந்தை 15 ஆண்டுகளுக்கு முன்பே வஃபாத்தான செய்தி கிடைத்தது. 1349-ல் தாயகம் நெருங்கும் வேளையில், கொள்ளைநோயில் தாயும் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டார். 24 ஆண்டுகள் கழித்து ஊர் வந்த மகனுக்குத் தாயின் கப்ரைத்தான் ஜியாரத் செய்ய முடிந்தது.

அவருக்குக் கடிதம் போய்ச்சேரவும் வழியில்லை. நம் கையில் போன் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இன்றே பெற்றோரிடம் பேசுங்கள். உங்கள் அறைக்குப் புதிதாக வருபவருக்கு அந்த ஹாஜியைப் போல நீங்களே முதலில் ஸலாம் சொல்லுங்கள்.

அல்லாஹ் அவரது பிழைகளைப் பொறுத்தருள்வானாக. ஊரைப் பிரிந்து வாழும் நம் அனைவரையும் பெற்றோர் ஹயாத்தோடு இருக்கும்போதே ஊர் சேர்ப்பானாக. ஆமீன்.