எல்மர் கீத்: ஈயமும் அளவும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணி. ஐடஹோ மாநிலத்தின் போய்ஸி நகரில், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நண்பரின் கராஜில் உட்கார்ந்து ஐம்பது பித்தளைக் கூடுகளில் வெடிமருந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். கும்பகோணத்திலிருந்து அம்மாவின் தொலைபேசி வந்தது. அங்கே ஞாயிறு காலை எட்டரை. பேசி முடித்துத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் என்று நான் நினைத்தது உண்மையில் விட்ட இடம் அல்ல.

நண்பர் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, எழுபதைத் தாண்டியவர். குண்டு பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். நான்காவது வரிசையில் ஒரு கூட்டின் மேல் வெளிச்சம் நின்றது. அதில் மட்டும் மருந்து இரண்டு பங்கு இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஐம்பதையும் புட்டியில் திரும்பக் கொட்டினார். பிறகு, இந்த மேசையில் இருக்கும் பாதிப் பொருட்களுக்குக் காரணமான மனிதரின் கையிலேயே ஒருமுறை துப்பாக்கி வெடித்தது என்று சொல்லி, அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். 'சிக்ஸ்கன்ஸ்', 1955ஆம் ஆண்டுப் பதிப்பு. எழுதியவர் எல்மர் கீத். அந்த இரவிலிருந்து நான் அவரைப் படித்துவருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் உண்டிவில்லுக்கு மேல் யாரும் எதையும் பிடித்ததில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நானும் இந்த மேசைப் பக்கம் போனேன். துப்பாக்கி நண்பருடையது, எனக்கென்று இன்றும் ஒன்று கிடையாது. என்னை இழுத்தது சுடுவதைவிட, அளந்து செய்யும் அந்த வேலைதான். தமிழில் தோட்டா, குண்டு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு அப்படியே மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புதிய பிரைமரும் மருந்தும் வைத்து, ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா. எடையெல்லாம் கிரெயின் கணக்கு. நம் ஊர்ப் பொற்கொல்லர் தராசில் வைக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் என்று நினைத்துக்கொண்டால் அந்த நுட்பம் புரியும்.

எல்மர் கீத் 1899 மார்ச் 8 அன்று மிசௌரி மாநிலத்தின் ஹார்டின் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் மேற்கே குடிபெயர்ந்தது. சிறுவனாக இருந்தபோது, மொன்டானாவின் மிஸூலா நகரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி தீப்பற்றியது. எல்மரின் உடம்பு கடுமையாக வெந்தது. இடது கை முறுக்கிக்கொண்டு ஆறியது. அந்தக் கையைப் பெற்றோரைக் கொண்டே உடைத்து நிமிர்த்திக் கட்டச் செய்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. அவரோ வேலி பழுது பார்த்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். அந்தக் கையோடுதான் பின்னர் குதிரை பழக்கினார், மாடு மேய்த்தார், சால்மன் ஆற்று மலைகளில் வேட்டைக்கு வருவோருக்கு வழிகாட்டினார். 

இடுப்பில் ரிவால்வர் அந்த வாழ்க்கைக்கு ஒரு கருவி, நம் ஊர் விவசாயிக்கு அரிவாள்போல. காட்டுக் குதிரையின் சேணத்தில் கால் சிக்கி இழுபடும்போது குதிரையை நிறுத்த வேறு வழி இராது. அதனால் இன்னும் வலுவான தோட்டா வேண்டும் என்று தேடத் தொடங்கினார். 1925 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். கொண்டாட்டமாகத் தன் .45 கோல்ட் ரிவால்வரைச் சுட்டார். உள்ளே இருந்தது ரைஃபிளுக்கான 300 கிரெயின் குண்டும் கரிமருந்தும். சிலிண்டரின் மேல்பாதியும் அதன் மேலே ஓடும் இரும்புப் பட்டையும் பெயர்ந்து பறந்தன. அவருக்குப் பெரிய காயமில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கூடு வெடித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். மனைவியிடம் நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன். இருபத்தாறு வயதுக் கீத், உடைந்த துப்பாக்கியைப் பற்றி 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழுக்கு எழுதினார். அதே ஆண்டில் அது அச்சேறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட எழுத்து வாழ்க்கை தன் தவறு ஒன்றை ஊரறியச் சொன்னதில் தொடங்கியது. மென்பொருள் துறையில் ஒரு சர்வர் விழுந்தால், ஏன் விழுந்தது என்று எழுதிச் சுற்றுக்கு விடுகிறோம் அல்லவா, அது போன்ற அறிக்கைதான் அது.

அதிலிருந்து அவர் எடுத்த முடிவும் ஒரு பொறியாளரின் முடிவு. .45 தோட்டாவுக்கான அறைகள் அகலமானவை. அதனால் சிலிண்டரின் சுவர் மெலிந்துவிடுகிறது. அதே அளவு சிலிண்டரில் சற்றுக் குறுகிய .44 துளையிட்டால் சுவர் தடிக்கும். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1907இல் கொண்டுவந்த .44 ஸ்பெஷல் தோட்டா, யாரும் முழுதாகப் பயன்படுத்தாமல் சாதுவாகக் கிடந்தது. கீத் அதற்கு மாறினார். 1928இல் ஒரிகன் மாநிலத்தின் டர்க்கி என்ற ஊரில் இருந்த அவரைத் தேடி, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஹெரால்ட் க்ராஃப்ட் என்ற ஆர்வலர் ஒரு பெட்டி நிறைய ரிவால்வர்களோடு வந்தார். இருவர் யோசனையும் கலந்து பிறந்த ரிவால்வர், ஐந்தாம் எண் என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் நண்பரின் மேசையில் நான் தினம் கையில் எடுப்பது கீத் வரைந்த குண்டைத்தான். 1920களின் இறுதியில் ஐடியல் என்ற அச்சுத் தயாரிப்பாளருக்காக அதை வடிவமைத்தார். 429421 என்பது அந்த அச்சின் எண். லைமன் நிறுவனத்தின் பெயரில் பின்னர் உலகறிந்ததாயிற்று. மூக்கு தட்டையாக இருக்கும். அதன் பின்னால் கூர்மையான தோள். அது காகித இலக்கில் அச்சுக் குத்தியதுபோல் வட்டமாகத் துளைக்கும். சம அகலமுள்ள மூன்று வளையங்கள் குழாயின் சுருள் வரிகளைப் பற்றிக்கொள்ளும். நடுவே மசகு மெழுகுக்கு ஒரு சதுரப் பள்ளம். இன்னொரு பள்ளத்தில் கூட்டின் வாயை உள்நோக்கி மடித்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சுடும் அதிர்ச்சியில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் முன்னால் நகர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

உலோகக் கலவையும் அவர் சொன்னதே: பதினாறு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். எனக்குப் பழகிய பெயர்கள் இவை. எங்கள் தெருவுக்குப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் வெள்ளீயம்தான் பூசுவார். காரீயம் கலந்துவிட்டாரோ என்று பாட்டி சந்தேகத்தோடு நிற்பாள். பாட்டியின் சந்தேகம் சரியானது. காரீயம் நஞ்சு. அதனால்தான் வார்ப்பு வேலை எங்கள் வீட்டில் நடப்பதில்லை. நண்பரின் கராஜில் கதவைத் திறந்துவைத்து வார்க்கிறோம். கைகழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் என் மகளைத் தூக்குகிறேன்.

1935இல் .357 மேக்னம் வந்தது. அதைத் தொழில்முறையில் உருவாக்கியவர்களில் ஃபில் ஷார்ப்பும் டக்ளஸ் வெஸனும் முக்கியமானவர்கள்; .38 அளவில் கீத் செய்துபார்த்த சோதனைகளும் அந்தப் பாதையில் இருந்தன. 1936இல் 'சிக்ஸ்கன் காட்ரிட்ஜஸ் அண்ட் லோட்ஸ்' என்ற அவருடைய சிறு நூல் வெளியானது. இரண்டாம் உலகப் போரின்போது யூட்டாவின் ஆக்டன் ஆயுதக் கிடங்கில் பரிசோதகராக வேலை பார்த்தார். அவர் சரிபார்த்த துப்பாக்கிகளில் ஊரின் பெயரும் அவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்த முத்திரை இருக்கும். சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

இத்தனை ஆண்டுகளும் தொழிற்சாலைகளிடம் அவர் கேட்டுவந்தது ஒன்றே: 250 கிரெயின் ஈயக் குண்டு, விநாடிக்கு 1,200 அடி வேகம். கொஞ்சம் நீளமான கூட்டில் செய்துகொடுங்கள், பழைய பலவீனமான துப்பாக்கிகளில் நுழையாது. ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் கடைசியில் ஒப்புக்கொண்டன. 1955 இறுதியில் முதல் துப்பாக்கிகள் தயாராகி, 1956இல் .44 மேக்னம் சந்தைக்கு வந்தது. கூடு எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தது. ஆனால் வேகத்தை 1,200இல் நிறுத்தவில்லை; 1,400 அடிக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். கீத் துப்பாக்கியை மனமாரப் பாராட்டினார். தொழிற்சாலையின் மென்மையான குண்டு குழாயில் ஈயம் படியவைப்பதைக் குறையாகச் சொல்லிவிட்டுத் தானே வார்த்துக்கொண்டார். 1971இல் 'டர்ட்டி ஹாரி' படம் வந்தது; .44 மேக்னம் என்றால் மூர்க்கம் என்று ஆகிவிட்டது. அவர் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

அவர் கேட்டது அளவு. கிடைத்தது அளவுக்கு மேல். பெருவலிமையின் பூசாரி என்று அறியப்பட்டவரைப் பற்றி இப்படிச் சொன்னால் பழைய வாசகர்கள் சிரிப்பார்கள். ஆனால் 1964இல் வந்த .41 மேக்னத்தைப் பாருங்கள். பில் ஜோர்டன், ஸ்கீட்டர் ஸ்கெல்டன் ஆகியோரோடு அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் கீத்தும் ஒருவர். காவலர்களுக்காக, மிதமான வேகத்தில் செல்லும் ஓர் ஈயக் குண்டுத் தோட்டாவும் அதில் வேண்டும் என்பது திட்டத்தின் பகுதி. அப்படி ஒன்று வந்தது. காவல்துறைகளில் பெரிதாக எடுபடவில்லை என்பது வேறு கதை.

அவருக்குச் சரியான எதிராளி ஜாக் ஓகானர். இதழியல் பேராசிரியராக இருந்தவர், சீரான நடை, .270 ரைஃபிளின் சிறிய வேகமான குண்டின் பக்தர். கீத்துக்குப் பெரிய, கனமான குண்டு. இருவருமே ஐடஹோவில் வாழ்ந்தார்கள் என்பது வேடிக்கை. இருவரின் வாசகர்களும் நம் ஊர் நடிகர்களின் ரசிகர்கள்போல் சண்டையிட்டார்கள். இன்னொருவர் காயப்படுத்திய மானை ஏறக்குறைய 600 கெஜத்தில் ரிவால்வரால் சுட்டு வீழ்த்தியதாகக் கீத் எழுதியதைப் பலர் நம்பவில்லை. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கவனித்தேன்: முதலில் சுட்டவை தவறியதையும், அவை விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். பொய் சொல்கிறவன் வழக்கமாகத் தவறியதைச் சொல்வதில்லை.

1926இல் மணந்த லொரெய்னோடு சால்மன் ஊரில் வாழ்ந்தார். பெரிய தொப்பி, சுருட்டு, இடுப்பில் ரிவால்வர். அதுவே அவர் அடையாளம். 1973இல் சிறந்த கைத்துப்பாக்கியாளருக்கான அமெரிக்க விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர். 1979இல் சுயசரிதை 'ஹெல், ஐ வாஸ் தேர்' என்ற பெயரில் வந்தது. 1981இல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுதாமல், சுடாமல், மூன்றாண்டுகள். 1984 பிப்ரவரி 14 அன்று போய்ஸியில் இறந்தார். அவருடைய துப்பாக்கிகள் பின்னர் இதே நகரின் கடை ஒன்றில் காட்சிக்கு இருந்தன; 2015இல் ஏலத்தில் பிரிந்துபோயின.

மிஞ்சியது குண்டின் வடிவம். இன்று .44 மேக்னத்துக்குத் தோட்டா தயாரிக்கும் எத்தனையோ பேர் நாங்கள் செய்வதைத்தான் செய்கிறார்கள்: கீத் குண்டை வார்த்து, விநாடிக்கு 900 அடியை ஒட்டி ஓடும்படி மிதமாக மருந்து வைப்பது. வேகத்தை 1,200இலிருந்து 900 ஆக்கினால் ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும்; மணிக்கட்டு வலிக்காது, குழாய் தேயாது, குண்டோ சொன்ன இடத்தில் போய் விழும். ஒரே ஆபத்து நான் செய்ததுதான். மேக்னம் கூடு பெரியது, வேகமாக எரியும் மருந்தின் மிதமான அளவு சிறியது. இருமுறை ஊற்றினாலும் வழியாது. கூடு உங்களை எச்சரிக்காது. கூட்டை நிறைய அடைக்கும், பருமன் கூடிய மருந்தாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது முறை பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்கும். மிதமான தோட்டாதான் அதிகக் கவனம் கேட்கிறது என்பதை நான் அந்த டார்ச் வெளிச்சத்தில் கற்றேன்.

அன்று நடந்ததை மனைவியிடம் மூன்று நாள் கழித்துச் சொன்னேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு, இனிமேல் அந்த நேரத்தில் தொலைபேசி அவளிடம் இருக்கும் என்றாள். இப்போது சனிக்கிழமை இரவுகளில் அம்மாவோடு பேசுவது அவள்தான். நான் ஒன்பதரைக்கு மேல் சேர்ந்துகொள்கிறேன். மருந்தையும் மாற்றிவிட்டோம். ஒவ்வொரு வாரமும் என்ன செய்தோம் என்று நான் எழுதிவைக்கும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், தேதியோடு, நான்காம் வரிசை, இரட்டை அளவு, தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். கீத் அப்படித்தான் தொடங்கினார்.