ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்: யார் இந்த வி.எஸ். அசரியா?

சென்னையிலிருந்து வாரங்கல் வழியாக டெல்லிக்கு ரயிலில் போயிருந்தால், டோர்னக்கல் ஜங்ஷனை நீங்க கடந்திருப்பீங்க. இன்று தெலங்கானாவில் உள்ள அந்த ஊரின் வரலாற்றில் ஒரு தமிழருக்குப் பெரிய இடம் உண்டு.

எங்கிருந்து வந்தார்?

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி. அப்பா கிராமத்துப் பாதிரியார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தாலும் அசரியா பட்டம் வாங்கவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றார். இந்தியர்களே பணம் போட்டு, இந்தியர்களே நடத்திய அமைப்பு அது. அதன் பணிக்களம்தான் டோர்னக்கல். 1909-ல் குருப்பட்டம் பெற்று அங்கே போனார், தெலுங்கு கற்றுக்கொண்டார்.

1910-ல் என்ன நடந்தது?

எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. கலந்துகொண்டவர்கள் சுமார் 1,200 பேர். அதில் ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அந்த மேடையில்தான் 35 வயது அசரியா, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களை முதலாளி மாதிரி நடத்துகிறார்கள், நண்பராகப் பழகுவதில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். அரங்கில் பலருக்கு அது கசந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29 அன்று, கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பிஷப் ஆனார். அதுவரை அந்தப் பதவியில் இந்தியர் யாரும் இருந்ததில்லை. எதிர்ப்பும் இருந்தது, சென்னை பிஷப் ஹென்றி வைட்ஹெட் உறுதியாக ஆதரித்தார்.

காந்தியோடு என்ன பிரச்சினை?

டோர்னக்கல் திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா சமூகத்து தலித் மக்கள். 1935 வாக்கில் சுமார் 250 இந்திய குருமார்களும் 2,000-க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் அங்கே வேலை பார்த்தார்கள். கூட்டம் கூட்டமாக நடக்கும் மதமாற்றத்தை காந்தி கடுமையாக விமர்சித்தார். தங்கள் மதத்தை முடிவு செய்யும் உரிமை தலித்துகளுக்கே உண்டு என்பது அசரியாவின் பதில்.

அதற்காக அவரைத் தேசியவாதத்துக்கு எதிரானவர் என்று நினைச்சிடாதீங்க. 1932-ல் பிரிட்டிஷ் அரசு கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி தந்தபோது, அதை வெளிப்படையாக எதிர்த்தவர் இவர். திருச்சபை ஒரு வாக்கு வங்கியாகச் சுருங்கிவிடும் என்று அஞ்சினார்.

என்ன விட்டுச் சென்றார்?

1939-ல் திறக்கப்பட்ட டோர்னக்கல் பேராலயத்தைப் படத்திலாவது பாருங்க. திராவிடக் கோயில் பாணியும் இஸ்லாமியக் கட்டடக்கலையும் அதில் சேர்ந்தே இருக்கும். திருச்சபைகளை ஒன்றிணைக்க 1919 தரங்கம்பாடி மாநாடு முதல் உழைத்த அசரியா, 1945 ஜனவரி 1 அன்று காலமானார். அந்த முயற்சியின் பலனான தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பரில் உருவானது. அதைப் பார்க்க அவர் இல்லை.