ஒரு தொகுதியைக் கொண்டுவந்தவர்

சட்டப்பேரவைத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எங்கள் அம்மையார்குப்பத்தின் தறிக் கொட்டகைகளில் ஒரே கேள்விதான் எழும்: இந்த முறை யாரை நிறுத்துவார்கள்? நிறுத்துவது யார் என்று எவரும் கேட்பதில்லை. அது கட்சித் தலைமையின் வேலை என்பது தெரிந்ததுதான். விசைத்தறியின் இரைச்சலுக்கு நடுவே நடக்கும் இந்த விவாதத்தில், இன்று திருத்தணி என்ற பெயரில் இருக்கும் தொகுதி எப்படித் தமிழ்நாட்டுப் பேரவைக்குள் வந்தது என்ற பேச்சு ஏறக்குறைய வருவதே இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் நம்மைப் போலவே தறியில் அமர்ந்தவர் என்பதும் இளையவர் பலருக்குத் தெரியாது. தேர்தல் காலத்தில் ம.பொ. சிவஞானத்தின் வாழ்க்கையைச் சொல்ல நினைப்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

மயிலை பொன்னுசாமி சிவஞானம் 1906 ஜூன் 26 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள சால்வன்குப்பத்தில் பிறந்தார். தந்தை பொன்னுசாமி கிராமணி, தாய் சிவகாமி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. பாடநூல் வாங்கக் காசில்லாத வீடு அது. பின்னர் நெசவு, அதன் பிறகு அச்சுக்கோப்பு. வரதராஜுலு நாயுடு நடத்திய தமிழ்நாடு இதழின் அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கிய அந்தக் கைதான் பிற்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியது. பிறர் எழுதியதைத் தலைகீழாக அடுக்கியே தமிழ் உரைநடையைக் கற்றவர் அவர் என்பது என் கணிப்பு. அவருடைய வாக்கியங்களில் இருக்கும் இறுக்கத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

காங்கிரஸ் தொண்டராகப் பலமுறை சிறை சென்றார். கள் இறக்கும் தொழிலைச் சார்ந்த சமூகத்தில் பிறந்தவர், கள்ளுக்கடைகளை மூடச் சொல்லும் இயக்கத்தில் முன்னால் நின்றார். சொந்தச் சாதியின் வயிற்றுப்பாட்டுக்கு எதிராகப் பேசியதற்கான விலையை அவர் உறவுகளுக்குள்ளேயே செலுத்த வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது கைதாகி, வேலூரிலிருந்து விதர்ப்பத்தில் இருக்கும் அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு பற்றிய வயிற்று நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. அந்தச் சிறைவாழ்வில்தான் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்தார். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதையில் நடக்கவைத்த அந்தக் காப்பியத்திலிருந்து தமிழகம் என்ற ஒற்றை நிலப்பரப்பைப் பற்றிய அரசியல் கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். சிலம்புச் செல்வர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் ரா.பி. சேதுப்பிள்ளை.

1946 நவம்பரில் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். அப்போதும் அவர் காங்கிரஸ்காரர்தான். இந்தியாவுக்குள் தன்னாட்சி உள்ள தமிழ் மாநிலம் என்பது கழகத்தின் இலக்கு. தனிநாடு கேட்ட திராவிட இயக்கத்தையும், மொழிவழி மாநிலத்தைத் தள்ளிப்போட்ட காங்கிரஸ் தலைமையையும் ஒரே வேளையில் எதிர்த்துக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. இரண்டு பெரிய வீடுகளுக்கும் வேண்டாதவராக ஆனார். வ.உ. சிதம்பரனாரையும் கட்டபொம்மனையும் மேடைதோறும் கொண்டுசென்று நிறுத்தியவர் அவர். அவருடைய நூலை அடிப்படையாகக் கொண்டே 1961-இல் கப்பலோட்டிய தமிழன் திரைப்படம் வந்தது.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன்.

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணியும் அதைச் சுற்றிய ஊர்களும் அதனுடன் இணைக்கப்பட்டன. ஒரே சென்னை மாகாணத்துக்குள் நடந்த மாற்றம் என்பதால் அன்று அது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. பள்ளிக்கூடங்களில் தெலுங்கு முதலிடம் பெற்றபோதுதான் உறுத்தத் தொடங்கியது. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்து, எல்லை இயக்கத்துக்கு அடித்தளம் இட்டார். எல்லை மீட்கப்பட்ட நாளைக் காணாமலே அவர் மறைந்தார். அவர் இல்லாமல் ம.பொ.சி. இங்கே வந்திருக்க மாட்டார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னைத் தலைவர்களின் பெயர் நிலைக்கும் அளவுக்கு உள்ளூர் ஆசிரியர்களின் பெயர் நிலைப்பதில்லை.

1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். சென்னை எங்களுக்கு வேண்டும், இடைக்காலத் தலைநகராகவேனும் வேண்டும் என்று ஆந்திரத் தலைவர்கள் கேட்டனர். மாநகராட்சியில் ஆல்டர்மேனாக இருந்த ம.பொ.சி., மேயர் த. செங்கல்வராயனுடன் சேர்ந்து சென்னை தமிழருக்கே உரியது என்று மாநகராட்சியைத் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். தலையைக் கொடுத்தாகிலும் தலைநகரைக் காப்பதாக அவர் எழுப்பிய முழக்கம் அன்று சுவர்தோறும் இருந்தது. முதலமைச்சர் ராஜாஜியும் இதில் உறுதியாக நின்றார். சென்னை தப்பியது. 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உள்பட, அதனுடன் போயிற்று.

அந்த ஆண்டு தடையுத்தரவுகளை மீறித் திருத்தணியில் மறியல் நடந்தது. ம.பொ.சி. கைது செய்யப்பட்டார். சிறை சென்றவர்களில் உயிரிழந்தவர்களும் உண்டு. 1954-இல் காங்கிரஸுடனான அவருடைய உறவு முறிந்தது.

இங்கு ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். எல்லை ஊர்களின் வாக்காளர் அந்தப் பத்தாண்டில் பட்ட பாடு தேர்தல் வரலாற்றில் அரிது. 1952-இல் அவர்கள் வாக்களித்தது 375 இடங்கள் கொண்ட சென்னைப் பேரவைக்கு. 1953-இல் அவர்களின் பேரவை கர்நூலுக்குப் போனது. பிரகாசம் அமைச்சரவை கவிழ்ந்ததால் 1955-இல் மீண்டும் வாக்களித்தனர். காங்கிரஸ் தலைமையிலான முன்னணி 196 இடங்களில் 146-ஐ வாரிச் சென்ற ஒருபக்கத் தேர்தல் அது. 1956 நவம்பரில் தெலங்கானா சேர்ந்ததும் பேரவை ஐதராபாத்துக்கு நகர்ந்தது. 1957-இல் நாடு முழுவதும் பொதுத்தேர்தல் நடந்தபோது, 1955-இல் வாக்களித்த ஆந்திரப் பகுதிக்குச் சட்டப்பேரவைத் தேர்தல் இல்லை. நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களித்தார்கள். ஊரைவிட்டு ஓரடி நகராத நெசவாளி, எட்டு ஆண்டுக்குள் சென்னை, கர்நூல், ஐதராபாத், மறுபடியும் சென்னை என்று மூன்று முறை பேரவை மாறினான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

போராட்டத்தின் விளைவாக எச்.வி. பட்டாஸ்கர் நடுவராக அமர்ந்தார். அவருடைய பரிந்துரையின் வழி நாடாளுமன்றம் 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டும் திரும்பின. ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் காளத்தியும் சித்தூரும் திரும்பவில்லை. வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்டு கனவு கண்டவருக்கு இது பாதி வெற்றிதான். அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விளைவு உண்டு. நிலத்தோடு ஒரு பேரவை இடமும் வந்தது. ஆந்திரப் பேரவையிலிருந்து ஓர் உறுப்பினர் இங்கே ஒதுக்கப்பட, சென்னைப் பேரவையின் எண்ணிக்கை 205-லிருந்து 206 ஆயிற்று. 1962 பொதுத்தேர்தலில் அந்த 206 இடங்களுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. காமராசர் தலைமையில் காங்கிரஸ் 139 இடங்களை வென்றது. 206 என்ற எண்ணின் கடைசி ஒன்றுக்குக் காரணமாக இருந்தவர் அந்த 206 பேரில் ஒருவராக இல்லை.

இதை அநீதி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். எல்லையைக் காட்டி வாக்குக் கேட்பது ஒன்று. எல்லைக்காக வாக்குக் கேட்காமல் உழைப்பது வேறு. கட்சியே எல்லாமாகிவிட்ட மாநிலத்தில், பேரவைக்கு வெளியே நின்றபடி பேரவையின் எல்லைக்கோட்டை மாற்ற முடியும் என்று அவர் காட்டினார். ஆனால் அதற்குத் தமிழரசுக் கழகம் கொடுத்த விலை பெரிது. அது பெரிய கட்சியாக வளரவே இல்லை. தலைவரின் நா வன்மைக்கு நிகரான அமைப்பு வலிமை அதற்கு இருக்கவில்லை.

அவரைப் புகழ்கிறவர்கள் கடந்து செல்லும் இடங்களும் உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, பெற்றோரின் தொழிலைப் பிள்ளை அரை நாள் கற்கட்டும் என்ற அந்தத் திட்டத்தை, ம.பொ.சி. ஆதரித்தார். புத்தகம் இல்லாமல் பள்ளியை விட்டவர், தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவர், அதை எப்படி ஆதரித்தார்? எங்கள் ஊர் வீடுகளில் பிள்ளைகள் தார் சுற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய காலத்தை அறிந்தவன் என்ற முறையில், அவருடைய நிலைப்பாட்டை என்னால் ஏற்க இயலவில்லை. ராஜாஜி மீது கொண்ட பற்றும், திராவிட இயக்கத்தின் மீது அன்று இருந்த பகையும் அவர் பார்வையை மறைத்தன என்றே கருதுகிறேன். நாடே எதிர்த்த அத்திட்டத்தைக் காமராசர் 1954-இல் கைவிட்டார்.

அதே பகை நிலைக்கவும் இல்லை. ஐம்பதுகளில் திராவிட இயக்கத்துக்கு எதிராக மாநாடுகள் கூட்டியவர், 1967-இல் அண்ணாவின் கூட்டணியில் தியாகராய நகரில் நின்று வென்றார். அறுபது வயதைக் கடந்த பிறகு கிடைத்த பேரவை இடம். திராவிட முன்னேற்றக் கழகம் 137 இடங்களைப் பெற்றுக் காங்கிரஸை வீழ்த்திய தேர்தல் அது. சந்தர்ப்பவாதம் என்று அன்று சொன்னார்கள். இன்றும் சொல்வோர் உண்டு. ஆனால் 1963-லேயே அண்ணா தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாநிலத் தன்னாட்சிக்கு அவர்கள் நகர்ந்து வந்த இடத்தில் ம.பொ.சி. இருபது ஆண்டாக நின்றுகொண்டிருந்தார். 1967 ஜூலை 18 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரைச் சூட்டப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியபோது அவர் உறுப்பினராக அங்கே இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்ற நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றிருந்தார்.

பிறகு அவர் மேலவைக்குப் போனார், துணைத்தலைவரானார், எம்.ஜி.ஆர். ஆட்சியில் தலைவரானார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதிகள் கொண்ட அவையின் நாற்காலியில் அமர்ந்தார். 63 உறுப்பினர் கொண்ட அந்த அவையைக் கலைக்க 1986-இல் சட்டப்பேரவை தீர்மானித்தது. நவம்பர் 1 அன்று அவை இல்லாமற்போனது. கடைசித் தலைவர் அவர்தான். மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே தேதியில் அவருடைய பதவி முடிந்தது.

மேலவை வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருந்ததில்லை. செலவு, பின்வாசல் என்ற குற்றச்சாட்டுகளில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய கட்சி ஒன்றின் சின்னமும் பணபலமும் இல்லாத ஒருவர் சட்டம் இயற்றும் மன்றத்துக்குள் நுழைய அன்று அந்தக் கதவாவது இருந்தது. 2010-இல் மேலவையை மீண்டும் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அது கிடப்பில் போடப்பட்டது. இப்போது கதவு ஒன்றே. அதன் சாவி சில கட்சி அலுவலகங்களில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கதவும் மூடப்பட்டது. பள்ளிப்பட்டு என்று தனித் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது மறைந்து, திருத்தணியோடு கரைந்தது. எல்லையோரத்து நெசவாளர் ஊர்களான பொதட்டூர்ப்பேட்டையும் ஆர்.கே. பேட்டையும் அம்மையார்குப்பமும் தங்கள் குறையைச் சொல்ல இப்போது ஒரே உறுப்பினரைத் தேட வேண்டும். ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டால் கொசஸ்தலை ஆறு பெருகிப் பள்ளிப்பட்டின் தரைப்பாலங்களை மூழ்கடிக்கிறது. இரண்டு மாநில அதிகாரிகளுக்கு இடையே ஒரு தொலைபேசி அழைப்பு நேரத்தில் வந்ததா என்பதில் கிராமங்களின் போக்குவரத்து தொங்குகிறது. தறிக்கூலி, நூல் விலை, ஆந்திரத்தில் படிக்கும் பிள்ளைகளின் சான்றிதழ் என்று எல்லைக்கே உரிய சிக்கல்கள் வேறு. வேட்பாளராக வருகிறவர் இவற்றைப் பற்றி என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையே 1960-இல் வாங்கித் தரப்பட்டது.

ம.பொ.சி. 1995 அக்டோபர் 3 அன்று சென்னையில் காலமானார். எனது போராட்டம் என்ற அவருடைய தன்வரலாறு பெரிய நூல். அதில் எல்லைப் போராட்டத்துக்கு அவர் ஒதுக்கிய பக்கங்களில் எங்கள் சுற்றுவட்டத்து ஊர்களின் பெயர்கள் வருகின்றன. 2006-இல் அவருடைய எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியதால், விரும்பிய எவரும் அதை அச்சிடலாம். திருத்தணியில் வாக்குக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு படி கொடுப்பதில் செலவு அதிகம் ஆகாது.